கம்பி அவன் பக்கம், பஞ்சு அவள் பக்கம்

மருந்துக்கடையில் வேலை பார்க்கும் பெண் தன் வேப்பை, அந்த மின்சிகரெட்டை, வேப் பழுதுபார்க்கும் கடையின் கண்ணாடி மேசை மேல் வைத்த வேகத்தில் உள்ளே அடுக்கியிருந்த பஞ்சுப் பொட்டலங்கள் சரிந்தன. "இழுத்தா எரிஞ்ச துணியத் தின்ன மாதிரி இருக்கு. நேத்துதானே இங்க கட்டி வாங்கிட்டுப் போனேன்?" என்றாள். மேசைக்குப் பின்னால் இரண்டு முக்காலிகள். இடது பக்கம் டொமெங், வலது பக்கம் செலி. இருவரும் அவளைப் பார்க்கவில்லை, ஒருவரையொருவரும் பார்க்கவில்லை. கடை வாசலில், பக்கவண்டி மாட்டிய தன் மோட்டார் ட்ரைசிக்கிளில் காலை நீட்டி உட்கார்ந்து, ரொட்டியைக் காப்பியில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்த பாடோங்கைத்தான் ஒரே நேரத்தில் பார்த்தார்கள். பாடோங் வாயில் இருந்ததை அவசரமாக விழுங்கினான். காலையிலேயே ஆரம்பித்துவிட்டது.

"பாடோங், அந்தம்மாகிட்ட கேளு, பஞ்ச என்ன தலகாணிக்கா திணிச்சாங்கன்னு" என்றான் டொமெங்.

"பாடோங், அந்த ஆள்கிட்ட சொல்லு, முதல்ல கம்பிய எரிச்சுப் பாக்கட்டும். அப்புறம் பஞ்சைப் பத்திப் பேசலாம்."

பாடோங் எழுந்து வந்து இரண்டு பேருக்கும் நடுவில் நின்றான். "குயா டொமெங், ஆத்தே செலி கம்பியப் பாக்கச் சொல்றாங்க. ஆத்தே, குயா பஞ்சப் பாக்கச் சொல்றாரு." ஊரில் எல்லாரும் குயா, ஆத்தே என்று அண்ணன், அக்கா முறை வைத்துத்தான் கூப்பிடுவார்கள்; ஆனால் பாடோங் சொல்லும்போது அதில் உண்மையாகவே தம்பி ஒருவன் இருந்தான். மருந்துக்கடைப் பெண் மூன்று பேரையும் மாறிமாறிப் பார்த்தாள். கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு எதற்குத் தூதுவன் என்று அவளுக்குப் புரியவில்லை. சான் பப்லோ சந்தைத் தெருவுக்கு அவள் புதிது.

டொமெங் மூடியைக் கழற்றினான். கரிந்த பஞ்சைக் குறடால் உருவிக் குப்பையில் போட்டுவிட்டு, கம்பிச்சுருளான காயிலை மட்டும், பொத்தானை விட்டு விட்டு அழுத்தி, எரித்தான். நல்ல காயில் நடுவில் சிவக்கத் தொடங்கி இரண்டு ஓரத்துக்கும் ஒரே சீராகப் பரவ வேண்டும். இது இடது ஓரத்தில் ஒரு சுற்று மட்டும் பளிச்சென்று எரிந்தது. மற்றவை சோம்பலாகப் பின்தொடர்ந்தன. செலி அதைப் பார்த்துவிட்டு மூக்கால் ஒரு சத்தம் விட்டாள். அவன் பீங்கான் முனை வைத்த குறடால் சுற்றுகளை மெல்ல வருடினான், அழுத்திச் சேர்த்தான், மறுபடி எரித்தான். இப்போது சிவப்பு நடுவிலிருந்து பூ விரிவது போல விரிந்தது. அவனுடைய கைகள் அந்த வேலையைச் செய்யும்போது மட்டும் செலியால் அவனை வெறுக்க முடிவதில்லை. அதற்காகவே பிறகு கூடுதலாக வெறுத்தாள்.

"அந்தம்மாகிட்ட சொல்லு, கம்பி சரியாயிடுச்சு. இனிமே கரிஞ்சா அது பஞ்சு."

"சரியாயிடுச்சுன்னா இதுவரைக்கும் சரியில்லன்னுதானே அர்த்தம்? அத அவர் வாயாலயே சொல்லச் சொல்லு."

"பஞ்ச இப்படி இறுக்கித் திணிச்சா சாறு எப்படி ஊறும்னு கேளு. காயிலே கழுத்து நெரிஞ்சு சாவுது."

"கழுத்து நெரிக்கிறதப் பத்தி யாரு பேசறாங்க பாருன்னு சொல்லு."

மருந்துக்கடைப் பெண் பொறுமையிழந்தாள். "உங்க சண்டைய என் வாய்க்குள்ள போட்டு அடைக்காதீங்க. எனக்கு ஸ்ட்ராபெரி வாடை வந்தாப் போதும்" என்றாள். பாடோங் விழுந்து விழுந்து சிரித்தான். வேறு யாரும் சிரிக்கவில்லை. செலி புதுப் பஞ்சை எடுத்து, நுனியைச் சாய்வாக நறுக்கி, காயிலுக்குள் இழுத்து, இரு புறமும் சீவி, புகையாகும் ஸ்ட்ராபெரிச் சாறு சொட்டவிட்டு, மூடியைப் போட்டுத் திருகிக் கொடுத்தாள். அந்தப் பெண் இழுத்துப் பார்த்து, தலையை ஆட்டிவிட்டுப் போனாள்.

அவர்கள் புருஷன் பெண்டாட்டி. பாதிரியார் போட்ட முடிச்சு. அதை அவிழ்க்க இந்த நாட்டுச் சட்டத்தில் வழியில்லை. செலி ஹாங்காங்கில் ஒரு பணக்காரக் கிழவருக்கு மலம் துடைத்து, புண் கட்டி, சோறு ஊட்டிச் சேர்த்ததில்தான் இந்தக் கடை வந்தது. உரிமத்தில் அவள் பெயர் இருந்தது. ஆனால் கடைக்கு வருகிறவர்கள் "டொமெங் கட்டின காயில்" என்று கேட்டுத்தான் வந்தார்கள். அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்துகூட ஜீப்னி வேன் ஏறி வந்தார்கள். அவள் ஊர் திரும்பிய வருடம், கடையில் தன் முக்காலி காலியாக இருப்பதையும் வீட்டில் தன் இடம் காலியாக இல்லாததையும் கண்டாள். நோரா என்று ஒருத்தி. சந்தையில் அரிசிக்கஞ்சி விற்றவள். டொமெங் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நோராவின் சந்துக்குப் போய்விட்டான். கடையை விட்டுப் போகவில்லை. போனால் கடை முழுக்க அவளுடையதாகிவிடும். அவளும் அவனைத் துரத்தவில்லை. துரத்தினால் வாடிக்கை அவனோடு போய்விடும். ஆகவே ஒவ்வொரு நாள் காலையிலும் இரண்டு பேரும் இரண்டு பக்கத்திலிருந்து வந்து ஒரே ஷட்டரைத் தூக்கினார்கள்.

பேச்சு எப்போது நின்றது என்று இருவருக்குமே சரியாக ஞாபகமில்லை. நின்ற பிறகு வேலை இரண்டாகப் பிரிந்துகொண்டது. கம்பியை முறுக்கிச் சுற்றுவதும், திருகாணி முடுக்குவதும், மீட்டரில் வைத்து மின்தடை எத்தனை ஓம் என்று பார்ப்பதும் அவன் பாடு. பஞ்சு போடுவதும் சாறு ஊற்றுவதும் மூடி போடுவதும் அவள் பாடு. நடுவில் ஒரு பிஸ்கட் டப்பா மூடி தட்டாக இருந்தது. அவன் முடித்ததை அதில் வைத்து அவள் பக்கம் தள்ளுவான். அவள் முடித்ததை அதில் வைத்து வாடிக்கையாளர் பக்கம் தள்ளுவாள். திருகாணிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிக் காலை ஒட்ட நறுக்குவது மட்டும் எந்தப் பக்கத்திலும் சேராத வேலையாக இருந்தது. அவள் விடுப்பில் ஊர் வந்துபோன நல்ல நாட்களில் அதை அவள்தான் செய்வாள், அவளுடைய நகவெட்டி கூர்மை என்பதால். பிரிந்த பிறகு அவன் செய்துகொண்டான்.

சொல்லியே ஆகவேண்டியதைப் பாடோங் மூலம் சொன்னார்கள். அவன் தெருமுனை ட்ரைசிக்கிள் நிலையத்தில் வண்டி ஓட்டினான். சவாரி இல்லாத நேரமெல்லாம் கடை வாசலில்தான் கிடப்பான். சிகரெட்டை விடுவதற்காக முதல்முதலாக அங்கே வந்து, வேப்பையும் இந்த இரண்டு பேரையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டவன். தூதில் அவன் எப்போதும் கொஞ்சம் கலப்படம் செய்வான். டொமெங் "அவ மூஞ்சியப் பாத்தா சாறு புளிக்குது" என்றால், "குயா உங்களுக்கு உடம்பு சரியில்லையான்னு கேக்கறாரு" என்று செலியிடம் சொல்வான். செலிக்கு டொமெங் சொன்னது நன்றாகவே கேட்டிருக்கும். இருந்தாலும் பாடோங் சொல்வதைக் கேட்டுவிட்டு, அதற்குப் பதில் சொல்வாள்.

தேங்காய்த் திருவிழா வாரத்தில் தெரு நெரிந்தது. ஒவ்வொரு வீட்டின் முன்னும் தென்னங்குருத்துத் தோரணம், மேளக்குழு, முகத்தில் சாயம் பூசிக்கொண்டு ஆடிக்கொண்டு போகிற பள்ளிக்கூடப் பிள்ளைகள். கடையில் அட்டமைசர்கள், வேப்பில் காயில் இருக்கும் தலைப்பகுதிகள், குவிந்தன. பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்த கறுப்பு உருளைகள். ஜனங்கள் தலையை மட்டும் கழற்றிக் கொடுத்துவிட்டு வேடிக்கை பார்க்கப் போய்விட்டுப் பிறகு வந்து வாங்கிக்கொண்டார்கள். பாடோங்கும் தன்னுடையதைக் குவியலில் போட்டுவிட்டுச் சவாரிக்கு ஓடினான். அது தன்னுடையது என்று யாரிடமும் சொல்லவில்லை. அண்ணனும் அக்காவும் தலைக்கு மேல் வேலையில் இருக்கிறார்கள், வரிசையில் வரும்போது வரட்டும் என்று நினைத்திருப்பான். இன்னொன்றையும் அவன் சொல்லவில்லை. மச்சினன் ஒருவன் கொடுத்த பித்தளைக் குழாயொன்றில்தான் இப்போது அந்தத் தலையை மாட்டி இழுத்துக்கொண்டிருந்தான். உள்ளே ஒரு மின்னணுச் சில்லும் கிடையாது. பேட்டரி, பொத்தான், அவ்வளவுதான். கோளாறு வந்தால் தானே அணைந்துபோக அதற்குத் தெரியாது. சொன்னால் இரண்டு பேரும் திட்டுவார்கள் என்று அவனுக்குத் தெரியும். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு பேருக்கும் ஒரே கருத்து.

மத்தியானம் நோரா வந்தாள். டொமெங்குக்குத் தூக்குவாளியில் சோறும் பன்றிக்கறி அடோபோக் குழம்பும். அவளுக்கு ஆறாம் மாதமோ ஏழாம் மாதமோ. வெயிலில் நடந்து வந்த களைப்பில் முகம் வீங்கியிருந்தது. செலி அப்போது பின்பக்கம் கைகழுவப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது நோரா அவளுடைய முக்காலியில் உட்கார்ந்து வயிற்றைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தாள். செலியைக் கண்டதும் தடுமாறி எழுந்தாள். "மன்னிச்சுக்கோங்க ஆத்தே, கால் வலிச்சுது" என்றாள்.

செலி காயில் துடைக்கிற ஸ்பிரிட் புட்டியை எடுத்தாள். ஒரு துணியில் தாராளமாக ஊற்றி முக்காலியைத் துடைத்தாள். உட்காரும் பலகையை, விளிம்பை, கால்களை. மேசையைச் சுற்றி நின்றிருந்த வாடிக்கையாளர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். துடைத்து முடித்ததும் அந்தத் துணியை இரண்டு விரலால் தூக்கிக் குப்பையில் போட்டாள். நோரா தூக்குவாளியை அப்படியே வைத்துவிட்டு மேளச் சத்தத்துக்குள் நடந்து போனாள். அவள் தோள்கள் குலுங்கியது போலிருந்தது. அல்லது மேளத்துக்கு ஆடுகிறவர்கள் அவளை இடித்திருக்கலாம்.

பாடோங் இல்லாததால் டொமெங்குக்குப் பேச வழியில்லை. சோற்றைத் தொடவில்லை. குவியலில் அடுத்த அட்டமைசரை எடுத்துக் கம்பியைச் சுற்றினான். திருகாணியை முடுக்கினான். மீட்டரில் வைத்தான். தட்டில் வைத்து அவள் பக்கம் தள்ளினான். வழக்கமாக மெதுவாகத் தள்ளுகிறவன் அன்று சுண்டிவிட்டான். தட்டு அவள் முழங்கையில் வந்து இடித்தது.

அவள் எடுத்துப் பார்த்தாள். காயில் அருமையாக இருந்தது. ஆனால் நேர்முனைத் திருகாணிக்கு வெளியே கம்பிக் கால் நறுக்காமல் நீட்டிக்கொண்டிருந்தது. பூனை மீசை போல, ஒரு மயிரிழை. மூடி இல்லாதபோது அதனால் ஒன்றுமில்லை; மீட்டரும் சரியாகவே காட்டும். மூடியைப் போட்டால் உட்சுவரில் தொடும். தொட்டால் மின்சாரம் காயிலுக்குப் போகாமல் குறுக்கே பாயும். சில்லு வைத்த சாதனமாக இருந்தால் திரையில் ஷார்ட் என்று காட்டிவிட்டு எரியவே மறுக்கும். அதைக் கொண்டுவந்து வாடிக்கையாளர் மேசையில் எறிவார். எல்லார் முன்னாலும் டொமெங் மூடியைத் திறப்பான். நறுக்காத கால் யாருடைய கால் என்று ஊரே பார்க்கும். இவையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக யோசித்ததல்ல. ஒரு பார்வையில் முழுதாக அவளுக்குள் வந்து உட்கார்ந்தது. நகவெட்டி அவள் வலது கைக்குப் பக்கத்திலேயே கிடந்தது. அவள் பஞ்சை எடுத்தாள், இழுத்தாள், சீவினாள், சாறு விட்டாள். அந்தக் கம்பி மீசை மடங்காமல் பார்த்துக்கொண்டு மூடியைப் போட்டாள்.

மறுநாள் காலை, ட்ரைசிக்கிள் வரிசையில் தன் முறைக்காகக் காத்திருந்தபோது பாடோங், கடை மேசையிலிருந்து தானே எடுத்து வந்த தலையைப் பித்தளைக் குழாயில் மாட்டி வாயில் வைத்துப் பொத்தானை அழுத்தினான். புகை வரவில்லை. பேட்டரி சரியாகத் தொடவில்லை போல என்று வாயிலிருந்து எடுத்து, தொடையில் ஊன்றிப் பிடித்துக்கொண்டு இன்னும் அழுத்தி, விடாமல் பிடித்தான். குழாய் சூடாவது தெரிந்தபோது நேரம் கடந்துவிட்டது. அடியிலிருந்த துளைகள் வழியாகத் தீ பீறிட்டது. பக்கத்தில் நின்றவர்கள் திருவிழா வெடி என்று நினைத்துத் திரும்பினார்கள். ஒருவன் குளிர்பானக் குளிர்ப்பெட்டியிலிருந்த தண்ணீரை ஐஸோடு தூக்கி அவன் மேல் கவிழ்த்தான்.

செலி ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது வாசலில் டொமெங்கும் வந்துகொண்டிருந்தான். ஒரே கதவில் இருவரும் நுழைய முடியாமல் ஒரு கணம் நின்றார்கள். பிறகு அவள் முந்திக்கொண்டாள். பாடோங்கின் வலது உள்ளங்கை, விரல்கள், வலது தொடை. கட்டு போட்டிருந்தார்கள். உதடு வெளுத்திருந்தது. ஆனாலும் இவர்களைச் சேர்ந்து பார்த்ததும் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தூதுவனுக்கு லீவு. இனிமே நீங்க ரெண்டு பேரும் நேராவே பேசிக்கணும்" என்றான். அவன் மனைவி பாசிங் சுவரோரம் நின்றிருந்தாள். சிறிய உடம்புக்காரி. அவள் சிரிக்கவில்லை. "அந்தக் கையாலதான் வண்டிய முறுக்கணும். யார் செஞ்சது இது? உங்க ரெண்டு பேர்ல யாரு?" என்று கேட்டாள். செலி டொமெங்கைக் கை காட்டினாள். டொமெங் செலியைக் கை காட்டினான். இரண்டு கைகளும் ஒரே நேரத்தில் நீண்டன. பாசிங் இருவருக்கும் நடுவில், தரையில் காறித் துப்பினாள்.

வட்டாரத் தலைவியை எல்லாரும் கபித்தானா என்றே கூப்பிடுவார்கள். கோழிச்சண்டையிலிருந்து குழாய்த் தண்ணீர் வரை அந்த வட்டாரத்து வழக்குகளை எல்லாம் பனையோலை விசிறியை வீசியபடியே தீர்ப்பவள். அவளுடைய அலுவலகத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். பாசிங் காலியான ஐஸ்கிரீம் டப்பா ஒன்றைக் கொண்டுவந்து மேசை மேல் திறந்தாள். உள்ளே கருகிய பித்தளையும் வளைந்த கறுப்பு உருளையும் இருந்தன. பாடோங் கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தன்னால் எல்லாருக்கும் சிரமம் என்பது போல ஓரமாக உட்கார்ந்திருந்தான்.

"எனக்கு இந்தச் சாமானப் பத்தி ஒண்ணும் தெரியாது. டொமெங், நீ சொல்லு. என்ன ஆச்சு?" என்றாள் கபித்தானா.

டொமெங் உருளையை எடுத்து மூடியைத் திருகினான். இறுகிப் போயிருந்தது. குறடால் பிடித்துத் திறந்தான். மூடியின் உட்சுவரில் ஓரிடத்தில் கரும்புள்ளியாகக் குழி விழுந்திருந்தது. அதற்கு நேர் எதிரே திருகாணியில், உருகிக் குமிழ்ந்த கம்பி நுனி. அவன் அதைக் குறட்டு முனையால் தொட்டுப் பார்த்தான். செலி அவன் முகத்தைப் பார்த்தாள். எத்தனையோ காலத்துக்குப் பிறகு நேராக, முழுதாகப் பார்த்தாள். அதில் ஆச்சரியமே இல்லை என்பது அவளுக்குத் தைத்தது.

"கம்பிக்கால் நீளமா இருந்திருக்கு. மூடில தொட்டிருக்கு. கால நறுக்காம விட்டது நான்" என்றான்.

"அப்ப தப்பு உன்னுது."

"என்னுதுதான். ஆனா கபித்தானா, அது நேரா இவன் கைக்குப் போகல. நடுவுல இவ கைக்குப் போச்சு. இவ கண்ணப் பத்தி உங்களுக்குத் தெரியாது. தலைமயிர்ல பாதி தடிமன்ல ஒரு பிசிறு கெடந்தாலும் எடுத்துருவா. கல்யாணம் ஆனதுலேருந்து பாக்கறேன், இவ கண்ணுக்கு ஒண்ணு தப்பி நான் பாத்ததில்ல. இந்த ஊர்ல என் வேலையச் சரி பாக்கத் தகுதி உள்ள ஒரே ஆளு இவதான்."

அவன் அவளை இப்படிப் புகழ்ந்து அவள் ஒருநாளும் கேட்டதில்லை. ஹாங்காங்கிலிருந்து தொலைபேசியில் அழுத காலத்தில்கூட இல்லை. இப்போது அதைக் கயிறாகத் திரித்து அவள் கழுத்தில் போடுகிறான்.

"செலி, நீ பாத்தியா?"

"பாக்கல. அன்னிக்குக் கூட்டம்."

டொமெங் சிரித்தான். சத்தமில்லாமல், தோள் மட்டும் அசைய. செலி நாற்காலியை விட்டு எழுந்தாள். "அவர் செஞ்ச தப்ப அவரே ஒத்துக்கிட்டாரு. அப்புறம் என்ன? காலம் பூரா அவர் பின்னாடி குனிஞ்சு பொறுக்கிட்டே இருக்கணுமா நான்? அந்தக் கஞ்சிக்காரிய உக்கார வெச்சு நறுக்கச் சொல்லட்டும்!"

"வயித்துல புள்ளையோட இருக்கறவள நாய் மாதிரி துரத்தினியே, உனக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா?"

"மனசு இருந்துது. அதையும் ஹாங்காங்லேருந்து பணத்தோட அனுப்பினேன், நீ அதுல கட வெச்சுட்ட!"

கபித்தானா விசிறியால் மேசையில் அடித்தாள். பிறகுதான் எல்லாரும் கவனித்தார்கள். அவர்கள் இருவரும் ஒருவரோடொருவர் நேராகப் பேசிக்கொண்டிருந்தார்கள். பாடோங்கின் முகம் மலர்ந்துவிட்டது. "கபித்தானா, ஆத்தே பாத்திருந்தா விட்டிருக்கவே மாட்டாங்க. அவங்களுக்கு நான் கூடப்பொறந்த தம்பி மாதிரி. குயாவுக்கும் அன்னிக்கு மனசு சரியில்ல. இது விபத்து. அந்தப் பித்தளைக் குழாய நான் வெச்சிருந்ததே தப்பு" என்றான். அவன் சொல்லச் சொல்ல, செலி நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். பாசிங் மட்டும் புருஷனைப் பார்க்காமல் செலியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கபித்தானா தீர்த்து வைத்தது இப்படி: பாடோங்கின் கை ஆறும்வரை டொமெங் அவனுடைய ட்ரைசிக்கிளை ஓட்டி, வருவதைப் பாசிங் கையில் கொடுக்க வேண்டும். ஆஸ்பத்திரிக்குத் தினமும் அலைய முடியாது என்பதால், புண் கட்டத் தெரிந்த செலி தினமும் போய்க் கட்டு மாற்ற வேண்டும். பாடோங் வீடு ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம், ட்ரைசிக்கிளைத் தவிர வேறு வண்டி போகாத மேட்டில் இருந்தது. "ஒரே வண்டில போய் வாங்க" என்று சொல்லிவிட்டுக் கபித்தானா விசிறிக்குப் பின்னால் உதட்டைக் கடித்துக்கொண்டாள். தன் சாமர்த்தியத்தில் அவளுக்குத் திருப்தி என்று தெரிந்தது.

மறுநாள் மத்தியானம் வானம் மூட்டமாக இருந்தது. டொமெங் வண்டியைக் கடை வாசலில் நிறுத்தி, இறங்காமல் ஹாரனை அடித்தான். செலி மருந்துப் பையோடு பக்கவண்டியில் ஏறிக் குனிந்து உட்கார்ந்தாள். அவன் முழங்கால் அவள் முகத்துக்கு அருகில் இருந்தது. அவன் சட்டையில் வேறொருத்தி துவைத்த சோப்பின் வாசனை அடித்தது. சந்தையைக் கடக்கும்போது மீன்காரி ஒருத்தி கத்தினாள், "அடேங்கப்பா, ராசியாயிட்டீங்களா!" யாரோ கைதட்டினார்கள். யாரோ விசிலடித்தார்கள். தெருவே இதற்காகத்தான் காத்திருந்தது போல, வரிசையில் நின்ற ட்ரைசிக்கிள்காரர்கள் எல்லாரும் ஒருசேர ஹாரன் அடித்தார்கள். டொமெங் நேராகப் பார்த்து ஓட்டினான். செலி மடியிலிருந்த பஞ்சுச் சுருளைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஏரிக்கரைச் சாலையில் ஆள் இல்லை. என்ஜின் சத்தத்துக்கு மேல் அவன் குரல் வந்தது. தலையைத் திருப்பவில்லை.

"கம்பிக்கால நீ பாத்த தானே?"

அவள் ஏரிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தண்ணீருக்குள் தூண்டில்காரன் ஒருவன் இடுப்பளவில் நின்றிருந்தான். அவன் அசையவே இல்லை.

"சொல்லு. இங்க கபித்தானா இல்ல."

"பாத்தேன்."

என்ஜின் இருமியது. அவன் கியரை மாற்றினான். அவன் திட்டுவான், வண்டியை நிறுத்தி இறக்கிவிடுவான் என்று எதிர்பார்த்தாள். அப்படி நடந்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள்.

"நீ பாப்பன்னு தெரியும்" என்றான். "நானும் மறந்து விடல. வேணும்னேதான் விட்டேன். மீட்டர்ல நான் சரியா காட்டிட்டேன், மூடி போட்ட அப்புறம் ஷார்ட் ஆனா அது மூடி போட்டவ தலையில. நோராவுக்கு நீ பண்ணதுக்கு, நாலு பேர் முன்னாடி உன்னக் குனிய வைக்கணும்னு நெனச்சேன். நீ பாத்துட்டு நறுக்கிருவன்னும் ஒரு பக்கம் தோணிச்சு. நறுக்குவியா, பாக்கலாம்னு விட்டேன்."

செலிக்கு முதலில் வந்தது கோபம்கூட இல்லை. அதே நாளில், அதே தட்டின் இரண்டு பக்கத்திலும் உட்கார்ந்துகொண்டு, ஒரு மயிரிழைக் கம்பியை வைத்து இருவரும் ஒரே கணக்கைப் போட்டிருக்கிறார்கள். இத்தனை வருடக் குடித்தனத்தில் இவ்வளவு கச்சிதமாக ஒத்துப்போனது வேறெதுவும் இல்லை. பக்கவண்டிக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"போய் பாடோங்கிட்ட சொல்லப் போறியா?" என்று கேட்டாள்.

"நீ சொல்லுவியா?"

"நீ சொன்னா நான் சொல்லுவேன்."

"நீ சொல்லு முதல்ல."

"நாய்ப்பொறப்பு."

"நீ மட்டும் என்ன, அந்தோணியார் கோயில் மெழுகுவத்தியா?"

பாசிங்குக்குத் தெரியும் என்று செலி நினைத்தாள். அந்தப் பார்வையை அவளால் உதற முடியவில்லை. டொமெங் சொன்னால் அவனும் மாட்டுவான், தான் சொன்னால் தானும் மாட்டுவோம்; இருவரும் வாய் திறக்காமலிருந்தால் இனி சாகும்வரை ஒருவருடைய கழுத்து மற்றவர் கையில். பாதிரியார் போட்டதைவிட இறுக்கமான முடிச்சு. மழை பிடித்துக்கொண்டது. டொமெங் வண்டியை ஓரம் கட்டி, பக்கவண்டியின் பிளாஸ்டிக் திரையை அவிழ்த்து அவள் பக்கம் இறக்கிவிட்டான். அவன் நனைந்தபடியே ஏறி உட்கார்ந்து முடுக்கினான். திரைக்கு அப்பால் அவன் ஒரு கலங்கிய நிறமாக மட்டும் தெரிந்தான். அவள் திரை வழியாகவே கத்தினாள், அவனும் கத்தினான். நோராவை, ஹாங்காங்கை, செத்துப்போன அவன் அம்மாவை, யார் முதலில் பேச்சை நிறுத்தியது என்பதை. மழையும் என்ஜினும் பாதிச் சொற்களைத் தின்றன. மேடு ஏறி வண்டி பாடோங் வீட்டு வளைவில் திரும்பும்வரை இருவரும் நிறுத்தவில்லை.

பாடோங் தகரக் கூரைக்கு வெளியே, சாரலில் நனைவதையும் பொருட்படுத்தாமல் வந்து நின்றிருந்தான். தூரத்திலிருந்தே அவர்கள் குரல் அவனுக்குக் கேட்டிருக்க வேண்டும். வீட்டுக்குள் திரும்பி, "பாசிங்! சீக்கிரம் வா! பேசிக்கிறாங்க, ரெண்டு பேரும் நேராவே பேசிக்கிறாங்க!" என்று கூவினான். பிறகு வண்டியைப் பார்த்துத் திரும்பி, கட்டுப்போட்ட வலது கையைத் தலைக்கு மேல் உயர்த்தி அசைத்தான். டொமெங் என்ஜினை அணைத்தான். செலி திரையை விலக்கினாள். இருவரும் இறங்கவில்லை. மழையில் கட்டு நனைந்து கனத்து, அதன் ஓரத்தில் மஞ்சளாக ஏதோ கசியத் தொடங்கியிருந்தது. அவன் அதை இன்னும் ஆட்டிக்கொண்டே இருந்தான்.